காத்திருப்பவை

மொன்தேவிதேயோவில் ஜூலை என்றால் குளிர்.
எதிரே கிடப்பதைக் கடல் என்கிறோம்,
வரைபடம் மட்டும் பிடிவாதமாக ஆறு என்கிறது.
மூன்றாம் மாடி, ஏழு பேர்,
காற்றடித்தால் தானே திறந்துகொள்ளும் ஒரு ஜன்னல்.

வேலைகள் எங்கெங்கோ கிடந்தன.
பாதி ஷிமேனாவின் மின்னஞ்சலில்,
பாதி வாட்ஸாப்பில் பூனைப் படங்களுக்கு நடுவே,
மூன்றாவது பாதி வாஷிங்டனின் தலைக்குள்.
ஊரல்ல, ஆள். இங்கே அப்படிப் பெயர் வைப்பார்கள்.
பெர்தோமோ குடும்பத்தின் சீமைமாதுளைக் கட்டிப்பாகு,
அதன் ஒற்றை லேபிளுக்குப் பதினேழு கோப்புகள்:
இறுதி,
இறுதி இரண்டு,
உண்மையான இறுதி,
இதற்குமேல் தொட்டால் கொலை.

ஒரு மென்பொருள் வாங்கினால் சரியாகிவிடும்
என்று சொன்னது நான்.
நானே தேர்ந்தெடுக்கிறேன் என்றதும் நான்.

முதலாவது மணி அடித்தது.
யாராவது பெருமூச்சு விட்டால்கூட மணி.
ஒரு வேலை முடிந்தால்
திரை முழுக்க வண்ணக் காகிதம் பொழிந்தது.
கணக்குப் பார்க்கும் ரோமுலோ
இல்லாத வேலைகளை உண்டாக்கி
முடித்து முடித்து ரசித்தான்.

இரண்டாவது அழகு.
ஆளுக்கு இவ்வளவு என்று சொல்லமாட்டார்கள்,
இருக்கைக்கு இவ்வளவு.
"உங்களுக்கு எத்தனை இருக்கைகள்?"
திரையில் கேட்ட விற்பனைப் பெண்ணுக்காகத்
திரும்பி எண்ணினேன்.
ஆறு.
வாஷிங்டன் நின்றுகொண்டே வரைகிறவர்.

மூன்றாவது தானே எழுதும் என்றார்கள்.
கட்டிப்பாகைப் பற்றி எழுதச் சொன்னோம்.
"உங்கள் காலைப்பொழுதைப் புத்துணர்வாக்குங்கள்."
ஷிமேனா மாத்தேயை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு,
"பற்பசையா?" என்றாள்.

நான் அட்டவணை போட்டேன்.
நாற்பத்திரண்டு வரிசை.
நள்ளிரவில் நட்சத்திரம் வைத்தேன்,
காலையில் பிடுங்கினேன்.
மே போனது. ஜூன் போனது.
ஆடத் தெரியாதவளுக்கு
ஒரு கூடம்தான் கோணல்.
எனக்கு மூன்று கூடங்கள்,
ஒவ்வொன்றும் பதினான்கு நாள் இலவசம்.

மூன்றாவதின் பதின்மூன்றாம் நாள்
ஓரத்தில் ஒரு பொத்தான் கண்ணில் பட்டது:
தாமதம் எங்கே?
மதியச் சோம்பலில் அழுத்தினேன்.

பெயர்கள் வந்தன, பெயருக்கொரு பட்டை.
ஷிமேனா, ஒன்றரை நாள்.
ரோமுலோ, ஒரு நாள்.
உள்ளே நுழையவே மறுத்த வாஷிங்டனுக்குக்கூட
அவர் சார்பில் யாரோ பதிந்து வைத்திருந்தார்கள்,
அரை நாள்.
கடைசிப் பட்டை திரைக்குள் அடங்கவில்லை.
வலப்பக்கம் தள்ளினேன்.
இன்னும் தள்ளினேன்.
நுனியில் பதினொன்று என்றிருந்தது.

ஒப்புதலுக்குக் காத்திருப்பவை: பத்தொன்பது அட்டைகள்.
ஒவ்வொன்றின் மூலையிலும்
சின்ன வட்டத்துக்குள்
போன கோடையின் கடற்கரையிலிருந்து
சிரித்துக்கொண்டிருந்தேன்.

இதை மற்றவர்கள் பார்க்க முடியுமா
என்று உதவிப் பக்கத்தில் தேடினேன்.
முடியும்.
முதல் நாளிலிருந்தே.

பதின்மூன்று நாளாக
ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.
என் முறை வந்தபோதெல்லாம்
வெந்நீர் ஊற்றிக் குவளையை நீட்டினார்கள்,
அதே உறிஞ்சுகுழல், அதே கசப்பு.

பெர்தோமோ லேபிளைத் திறந்தேன்.
சிவப்பு கொஞ்சம் கூடுதலோ குறைவோ
என்று நிறுத்தி வைத்திருந்தேன்.
எது என்பது மறந்துவிட்டது.
பார்த்தால் பழத்தின் நிறத்தில்தான் இருந்தது.

ஒப்புதல்.

எதிர்மேசையில் வாஷிங்டனின் கைபேசி
ஒருமுறை அதிர்ந்தது.
எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.
போய் ஜன்னலைச் சாத்தி
மடித்த அட்டைத்துண்டைச் செருகிவிட்டு வந்து,
"பதினேழில் எது?" என்றார்.

"கொலை" என்றேன்.

தலையாட்டிவிட்டு
அச்சகத்துக்கு அனுப்பினார்.